இருக்கும் இடத்திலேயே இருங்கள்

நெருங்கி உட்காருங்கள். போன்களையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்... ம், உங்களுடையதையும்தான். கதை முடிகிறவரை எவருடையதும் வெளிச்சம் அடிக்கக் கூடாது. ஏன் என்று பிறகு தெரியும்.

மாலை ஐந்து ஐம்பது. செமாராங் நகரத்தை ஒட்டிய மலைப்பக்கத்தில், குனுங்பாத்தியிலிருந்து போஜாவுக்குப் போகிற சாலை. நடுவில் மூன்று கிலோமீட்டர் ரப்பர் தோட்டம். தெருவிளக்கு கிடையாது. பால் பிடிக்கிற சிரட்டைகளிலிருந்து புளித்த நாற்றம். காய்ந்த ரப்பர் காய் வெடிக்கிற சத்தம்... டப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி எங்கோ உள்ளே... டப். தூரத்து மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைக்கிற மக்ரிப் பாங்கு.

அந்தச் சாலையில்தான் பாக் முஜியோனோ விழுந்தார். எல்லோருக்கும் அவர் பாக் முஜி, அதாவது முஜி ஐயா. ஐம்பத்தாறு வயது, பைக் டாக்சி ஓட்டுநர், ஊதா நிறச் சட்டை. சவாரியைப் போஜாவில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகையில்... நாய் குறுக்கே வந்ததா, கல்லில் ஏறியதா, தெரியாது. வண்டியோடு சாலை ஓரப் பள்ளத்துக்குள் போய்விட்டார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. சாலையில் போகிறவர்கள் கண்ணில் அவர் படமாட்டார்.

கையில் போன் இருந்தது. ஓட்டுநர் செயலியில் உதவி கேட்பதற்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினார். உடனே பச்சை எழுத்து வந்தது. ‘உதவி வந்துகொண்டிருக்கிறது. இருக்கும் இடத்திலேயே இருங்கள்.’

அவர் இருக்கும் இடத்திலேயே இருந்தார்.

முந்நூறு மீட்டர் தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு பலகாரக் கடை. வாழைக்காய் பஜ்ஜி போடுகிற கடை, பத்து மணி வரை திறந்திருக்கும். தவழ்ந்தாவது போயிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு இரத்தக் கொதிப்பு, எதற்குப் பயமுறுத்துவது? பச்சை எழுத்துதான் வந்துவிட்டதே. போன் சார்ஜும் பதினொரு சதவீதம்தான். சொன்னபடி கேட்டே வாழ்ந்து பழகிய மனிதர். விடிந்ததும் ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள் பார்த்தபோது மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. உடம்பு ஆறிப்போயிருந்தது.

உதவி கிளம்பவே இல்லை. எங்கேயும் ஓர் அழைப்பும் போய்ச் சேரவில்லை.

இதுவரைக்கும் பேய் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் எல்லாம் அலுவலக வேலை.

அந்தச் செயலியை எழுதியவள் ஹெஸ்தி. என் நண்பன் பிரியோவின் மனைவியுடைய தங்கை. அப்போது முப்பத்தொரு வயது, கெட்டிக்காரி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள். அவளுக்கு நடந்ததைப் பிரியோ எனக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் போனும் கவிழ்ந்துதான் இருந்தது.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயம் பிடிபடாது. நீங்கள் போனில் திறக்கிற செயலி ஒரு வீடு மாதிரி. வீட்டுக்காரன் போனிலேயே குடியிருப்பவன். மணி அடிப்பது, நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, வெளியே தகவல் அனுப்புவது எல்லாம் அவன்தான். ஆனால் சில அறைகளில் இணையப் பக்கத்தை ஒரு சட்டத்துக்குள் மாட்டி வைத்திருப்பார்கள். பார்க்க வீட்டின் பகுதி மாதிரியே இருக்கும், இல்லை. அது வேறொருவர் எழுதியது. அதற்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. என்ன வேண்டுமென்றாலும் சுவரில் இருக்கிற சின்னச் சந்து வழியாக வீட்டுக்காரனுக்குச் சீட்டு நீட்ட வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால்தான் காரியம் நடக்கும். வாங்காவிட்டால் சீட்டு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சத்தம்கூட வராது.

வீட்டுக்காரன் ஹெஸ்தியுடையவன். உதவிப் பக்கம் பாகாஸ் என்பவனுடையது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

அந்த உதவிப் பக்கம் திறந்தவுடன் ஒரே ஒரு முறை சந்து வழியாகக் கேட்கும்: ‘யாராவது இருக்கிறீர்களா?’ பதில் வந்தால் சரி. வராவிட்டால், ஆளில்லாத வீடு என்று முடிவு கட்டிவிடும். அதன்பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் சீட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பச்சை எழுத்தை மட்டும் காட்டும். புதிய போனில் வீட்டுக்காரன் சட்டென்று எழுந்து காது வைத்துவிடுவான். பழைய போனில் எழுந்து, வரைபடத்தை விரித்து, இடத்தைத் தேடி... அதற்குள் பக்கம் கேட்டு முடித்து ஓய்ந்திருக்கும். ஒரு நொடி தாமதம். அவ்வளவுதான்.

இது ஹெஸ்திக்குத் தெரியாமல் இல்லை. விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் பாக் முஜியே அலுவலகத்துக்கு வந்தார். விரிசல் விழுந்த போன், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. சட்டையில் கிராம்புச் சிகரெட் வாசனை.

“பொண்ணே, ஒரு சந்தேகம். அன்னிக்கி சும்மா அமுத்திப் பாத்தேன். பச்சை வருது. ஆனா உங்க ஆளுங்க யாரும் போன் பண்ணல. மத்தவங்களுக்கெல்லாம் உடனே பண்றாங்களாமே?”

ஹெஸ்தி தன் போனில் அழுத்திக் காட்டினாள். கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்தது.

“பாத்தீங்களா பாக்? நல்லாத்தான் வேலை செய்யுது.”

“உன்னோடதுல செய்யுதும்மா. என்னோடதுல?”

“உங்க போனு நானு பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது. அத மாத்துங்க மொதல்ல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “மாத்திடலாம், மாத்திடலாம். மழை முடியட்டும்” என்று எழுந்து போனார். ஹெஸ்தி அந்தப் புகாரில் ‘இங்கே வேலை செய்கிறது’ என்று எழுதி மூடினாள். பாகாஸிடம் கேட்டதற்கு, “எங்கிட்ட ஏன் கேக்கற? நான் சீட்டக் குடுத்துட்டேன். வாங்கிக்கறது உன் வேலை” என்றான். “பதில் வராமலே பச்சை காட்டறியே, அது யாரு வேலை?” என்றாள் அவள். மதிய உணவு வந்துவிட்டது. பேச்சு அதோடு நின்றது.

பிறகுதான் ஐந்து ஐம்பது வந்தது.

செய்தி வந்த மறுநாள் மேலாளர் யுவோனோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். அந்த மனிதர் குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

“உக்காரும்மா. டீ சொல்லவா? சரி, பதிவுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் வரல பாக்.”

“அப்ப அவர் கூப்பிடல.”

“வரலன்னா வரலன்னுதான் அர்த்தம். கூப்பிடலன்னு இல்ல.”

“இந்த வித்தியாசம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாகாஸுக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு? அந்தப் புகார மூடினது யாருன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். நான் உன்ன நெனச்சுத்தான் சொல்றேன்.”

பாக் முஜியின் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் தயாராக இருந்தது. ‘சம்பவத்தன்று ஓட்டுநர் உதவி கோரி எந்த அழைப்பும் விடுக்கவில்லை.’ கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஹெஸ்தி போட்டாள். கை நடுங்கவில்லை என்று பின்னால் அக்காவிடம் சொல்லி அழுதாளாம். நடுங்கியிருந்தாலாவது பரவாயில்லையாம்.

விசாரணைக்கென்று கொண்டுவந்த பாக் முஜியின் போன் அவளுடைய மேசை இழுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. மழையில் ஊறியது. பேட்டரி உப்பிப்போனதால் வெளியே எடுத்துவிட்டார்கள். ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெஸ்தி கல் நெஞ்சுக்காரி இல்லை. யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து அந்தக் குறையைச் சரிசெய்தாள். காது வைப்பதற்கு முன்னால் வந்த சீட்டையும் தூக்கியெறியாமல், எடுத்து வைத்திருந்து வரிசையாக வாங்கிக்கொள்கிற மாதிரி எழுதினாள். அவர் இறந்த நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள், திருத்திய செயலி எல்லோர் போனுக்கும் போனது. அன்று மாலை ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் வீடு போஜாவில்.

ரப்பர் தோட்டம். ஐந்து ஐம்பது. டப்...

கைப்பிடியில் மாட்டியிருந்த போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற நிங்ரும் என்ற பெண்.

“அக்கா, சோதனை எதுவும் பண்றீங்களா?”

“இல்லையே. ஏன்?”

“உதவி அழைப்பு வருதுக்கா. ஒண்ணு வந்துச்சு, எடுக்கறதுக்குள்ள இன்னொண்ணு... மூணு. நாலு. ஒரே ஓட்டுநர் நம்பர். ஏழாயிடுச்சு. நின்னுடுச்சு.”

“எந்த நம்பர்?”

நிங்ரும் நம்பரைச் சொன்னாள். பிறகு அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

“அக்கா... இது பாக் முஜி நம்பராச்சே.”

“எங்கேருந்து வருதுன்னு காட்டுது?”

“போஜா ரோடு. ரப்பர் தோட்டம். நீங்க இப்ப எங்கக்கா இருக்கீங்க? உங்க புள்ளியும் அங்கதான் காட்டுது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

ஹெஸ்தி வண்டியை நிறுத்தவில்லை. புளித்த ரப்பர் நாற்றத்துக்கு நடுவே கிராம்புப் புகை வாசனை வந்தது. பின்சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்கூட்டர் ஒரு அமுங்கு அமுங்குமே, அது மாதிரி அமுங்கியது. தோட்டம் முடிகிறவரை அப்படியே இருந்தது. பலகாரக் கடை விளக்கு தெரிந்ததும் லேசாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக மேசை இழுப்பறையைத் திறந்தாள். பை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பேட்டரி தனியாகத்தான் கிடந்தது. பையின் உள்பக்கம் மட்டும் ஆவி படிந்திருந்தது, யாரோ உள்ளேயிருந்து மூச்சு விட்டது போல.

பதிவைத் திறந்தாள். ஏழு சீட்டு. ஒவ்வொன்றிலும் அழுத்திய நேரம் இருந்தது. விழுந்த அன்றைய தேதி. முதல் சீட்டு ஐந்து ஐம்பது. அடுத்தது ஐந்து ஐம்பத்தொன்று. அப்புறம் ஆறேகால். ஏழரை. ஒன்பது பத்து. பன்னிரண்டு நாற்பது. கடைசிச் சீட்டு அதிகாலை மூன்று பன்னிரண்டு.

ஹெஸ்தி விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். போனை அணைத்து அணைத்து வைத்து, பதினொரு சதவீதத்தை விடிகாலை வரை இழுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பச்சை எழுத்தைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு இருக்கும் இடத்திலேயே இருந்திருக்கிறார்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் யுவோனோவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஏழு வரியையும் நிதானமாகப் படித்தார்.

“அழிச்சிடு.”

“பாக், அவரு கூப்பிட்டிருக்காரு. இதோ இருக்கே!”

“எந்த போன்லேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவ? பேட்டரி இல்லாத போன்லேருந்தா? சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, அப்படின்னா அன்னிக்கி ஏன் வரலன்னு கேப்பாங்க. அப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க. அழிச்சிட்டு, அந்த நம்பர்லேருந்து எது வந்தாலும் வாங்காதேன்னு ஒரு வரி எழுதிடு.”

பாகாஸ் பக்கத்தில்தான் நின்றான். அவள் ஏழு சீட்டையும் அழித்தாள், அந்த ஒரு வரியையும் எழுதினாள். முடித்ததும், “உயிரோட இருந்தப்ப தெரியாமக் கதவச் சாத்தினோம். இப்பத் தெரிஞ்சே சாத்தறோம். முன்னேற்றந்தான்” என்றான். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டான்.

நூறாம் நாள் வந்தது. பாக் முஜி வீட்டில் துவா ஓதுகிறார்கள் என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஹெஸ்தி போனாள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாளாம்: அவர் கூப்பிட்டார், ஏழு தடவை கூப்பிட்டார், எங்களுக்குக் கேட்கவில்லை. மூன்றே வாக்கியம்.

முன்னறையில் பாய் விரித்து ஆண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் பெண்கள் சோறும் கோழியும் முட்டையும் நூடுல்ஸும் அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். துமினி அம்மா, பாக் முஜியின் மனைவி, அவளைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் முட்டைக் கரண்டி அப்படியே இருந்தது.

“ஆபீசுலேருந்து நீ ஒருத்திதான் வந்திருக்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அவரு கூப்பிட்டாரா?”

ஹெஸ்தி அந்தக் கரண்டியையே பார்த்தாள்.

“லெட்டர்ல கூப்பிடலன்னு போட்டிருக்கு. காலு மட்டுந்தான் முறிஞ்சிருக்கு, கையில போன் இருந்திருக்கு, அப்புறம் ஏன் கூப்பிடலன்னு ஊர்ல கேக்கறாங்க. குடிச்சிட்டு விழுந்திருப்பான், நெனப்பு இருந்திருக்காதுன்னு பேசறாங்க. பள்ளிவாசல்ல எம்மகன்கிட்டயே கேட்டிருக்கான் ஒருத்தன். கிராம்புச் சிகரெட்ட விட்டா அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? அவரு கூப்பிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லு போதும். வேற எதுவும் வேணாம் எனக்கு.”

மூன்று வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் கடிதத்தில் இருக்கிற கையெழுத்தும் சேர்ந்து வந்தது.

“பதிவுல ஒண்ணும் இல்லம்மா” என்றாள் ஹெஸ்தி.

அது பொய்கூட இல்லை. அழித்தவளே அவள்தான்.

துமினி அம்மா கரண்டியைத் துணியில் துடைத்தார். “சரி. நீ எதுக்குப் பொய் சொல்லப் போற” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அவளுடைய பெட்டியில் இன்னொரு முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். “ஒல்லியா இருக்க. சாப்புடு.”

பெட்டியை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். வேறு வழி இருக்கிறது, சுற்றுவழி. அதில்தான் போக நினைத்தாள். அழுதுகொண்டே ஓட்டியதில் பழகிய கை பழைய திருப்பத்திலேயே திருப்பிவிட்டது. தோட்டத்துக்குள் வந்த பிறகுதான் கவனித்தாள். பாங்கு ஆரம்பித்தது.

போன் தானாக ஒளிர்ந்தது. உதவிப் பக்கம் திறந்திருந்தது. பொத்தான் இல்லை, படம் இல்லை, வெள்ளை. நடுவில் ஒரு வரி.

‘யாராவது இருக்கிறீர்களா?’

அது திரைக்கு வரவே கூடாத வரி. பக்கமும் வீட்டுக்காரனும் தங்களுக்குள் பேசிக்கொள்வது. மனிதர் கண்ணுக்குக் காட்ட எவரும் எழுதவில்லை. வரி மறைந்தது. மறுபடி வந்தது. ‘யாராவது இருக்கிறீர்களா?’ மறைந்தது. வந்தது. அவள் எண்ணவில்லை என்கிறாள். நான் நம்பவில்லை. ஏழு தடவையாகத்தான் இருக்கும்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அந்த ஆளில்லாத சாலையில். அதற்கென்ன செலவு? அவள் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

அணைவதற்கு முன் திரை ஒரு கணம் பச்சையானது.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து வரைபடத்தில் அவளுடைய புள்ளி நகரவில்லை. எங்கே போனாலும் போஜா சாலை, ரப்பர் தோட்டம். போனை மாற்றினாள். நம்பரை மாற்றினாள். வேலையை விட்டு, கிழக்கே சுராபாயாவுக்கு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். புதுப் போனை உறை பிரித்துத் திறந்தால், எந்த நிறுவனத்தின் செயலியானாலும், புள்ளி அங்கேதான் நின்றது. வண்டி கூப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் முகவரியைக் கையால் அடித்துத்தான் கூப்பிடுவாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் ஒருநாள் மாலை, வீட்டில் தனியாக இருக்கும்போது அடிவயிற்றில் வலி வந்தது. குடல்வால். அப்போது அவளுக்கு அது தெரியாது. நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து போனை எடுத்து வண்டி கூப்பிட்டாள். வலியில் முகவரி அடிக்க மறந்துவிட்டாள்.

போன் அடித்தது.

“வந்துட்டேம்மா” என்றது ஒரு வயதான குரல். மூச்சு வாங்கியது. “ரப்பர் தோட்டத்துல நிக்கறேன். நீ எங்கம்மா இருக்க?”

பின்னால் ஒரு சத்தம்... டப்.

வலியில் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“சரி சரி, பயப்படாத. இருக்கற எடத்துலயே இரு. நான் வந்துடறேன்.”

மணியைப் பார்த்தாள். ஐந்து ஐம்பது. திரையில் பச்சை எழுத்து. அதன் கீழே, ஓட்டுநர் வந்து சேர எடுக்கும் நேரம்: ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடம்.

பிரியோவும் மனைவியும் வீட்டுக்கு வந்தபோது அதே தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை. “வேணாம் அத்தான், இருக்கற எடத்துலயே இருக்கச் சொல்லியிருக்கு” என்று அதையே சொன்னாளாம். தூக்கித்தான் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். இரவோடு இரவாக அறுவை சிகிச்சை முடிந்தது. பிழைத்துவிட்டாள். பிரியோ படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

மூன்று பன்னிரண்டு. வெளியே ஒரு பழைய பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் காவலாளி மெதுவாகக் கதவைத் தள்ளினார். அவரோடு கிராம்பு வாசனையும் உள்ளே வந்தது.

“இங்க யாரும்மா வண்டி கூப்பிட்டது? ஒரு பெரியவர் வந்திருக்காரு. ஊதாச் சட்டை. கால ரொம்ப நொண்டறாரு, பாவம். ‘கூப்பிட்டாங்க, நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கச் சொல்லுங்க’ன்னு சொல்றாரு.”

பிரியோ அவளைப் பார்த்தான். ஹெஸ்தி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“நான் யாரையும் கூப்பிடல.”

காவலாளி தலையாட்டினார்.

“இப்படித்தான் சொல்லுவீங்கன்னு அவரே சொன்னாரும்மா. பரவாயில்லையாம். இருக்கற எடத்துலயே இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு.”